ஆல்புமின் முப்பது

பெத்தியோ, தென் தராவா
18 ஏப்ரல் 2009

பவுரோ,

மவுரி, வணக்கம். நலமா என்று கேட்கிற உரிமையை நாலு வருஷத்துக்கு முன்னால், சியோசி அண்ணன் குழிமேட்டில் வைத்து நீ பிடுங்கிக்கொண்டாய். "இனிமே இந்தத் தீவுல காலை வைக்காதே" என்றாய். வைக்கவில்லை. இப்போதும் உன் அக்காவாக எழுதவில்லை. காசநோய் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தினாய் எழுதுகிறேன். காசநோய்க்காரர்களுக்குச் சத்துணவு கொடுத்து ஐந்து தீவுகளில் ஆராய்ச்சி நடத்தும் டாக்டர் லவேனியா எழுதச் சொன்னார். உங்கள் தீவுக் கவுன்சில் தொலைபேசி மூன்று வாரமாக ஊமையாகக் கிடக்கிறது.

உனக்குக் காசம் என்று எனக்குச் சொன்னது மனிதர் யாரும் இல்லை, பிப்ரவரியில் ஆய்வகத்துக்கு வந்த இரத்த மாதிரிக் குழாயில் ஒட்டியிருந்த உன் பெயர்தான். அன்றைக்கு எழுதியிருக்கலாம். நீயும் எழுதியிருக்கலாம். போகட்டும்.

போன சனிக்கிழமை விமானத்தில் இரண்டாவது குழாய் வந்தது. பிப்ரவரியில் உன் எடை நாற்பத்து நாலு கிலோ. இப்போது நாற்பத்து மூன்று. இரத்தத்தில் ஆல்புமின் என்று ஒரு புரதம் இருக்கிறது. தின்பது உடம்பில் ஒட்டுகிறதா இல்லையா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். நல்ல உடம்பில் முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டும். உனக்கு அன்று இருபத்தாறு, இன்று இருபத்தைந்து.

இரண்டு மாதம் மாத்திரை. மாதம் ஒரு பெட்டி சத்துணவு: டின் மீன், பால் பவுடர், வேர்க்கடலைப் பசை, பருப்பு, எண்ணெய். இத்தனையும் உள்ளே போன பிறகு ஒரு மனிதன் இளைப்பானா? குழாயோடு வந்த உன் உணவுக் குறிப்பேட்டைப் பார்த்தேன். ஒரு கட்டம் விடாமல் டிக் போட்டிருக்கிறாய். சாப்பாடு போகிறது, உடம்பு தேறவில்லை என்றால் ஒரே ஒரு காரணம்தான். மாத்திரையைத் துப்புகிறாய். சின்ன வயதில் புழு மருந்தைத் துப்பிவிட்டு விழுங்கிவிட்டேன் என்று சாதித்தவன்தானே நீ.

டாக்டர் முடிவு எடுத்துவிட்டார். ஜூன் இரத்தத்தில் ஆல்புமின் முப்பதைத் தொடவில்லை என்றால் உன்னைச் சரக்குக் கப்பலில் ஏற்றி இங்கே வார்டில் படுக்க வைப்பார். குறைந்தது மூன்று மாதம். இதைத் தெரிவிக்கத்தான் எழுதினேன்.

தினாய்


அபெமாமா
26 ஏப்ரல் 2009

ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தினாய் அவர்களுக்கு,

அக்காவாக எழுதவில்லையாம்! ரொம்பச் சந்தோஷம். நானும் தம்பியாகப் பதில் போடவில்லை. நாற்பத்து மூன்று கிலோ எடையுள்ள நோயாளி ஒருவன் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையைத் துப்புகிறேனா? தினமும் காலையில் அரை மணி நேரம் நடந்து கிளினிக்குக்குப் போகிறேன். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் போக முடிகிறது. போனதும் நர்ஸ் தபேரா டார்ச் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். "வாயத் திற. இன்னும் நல்லாத் திற. நாக்கத் தூக்கு. கதை அளக்கும்போது மட்டும் எவ்வளவு பெருசாத் திறக்குது!" இப்படித் தினமும் பூசை. ஒருநாள் தவறியதில்லை. என் மூத்திரம் இரண்டு மாதமாகச் சிவப்பாகப் போகிறது. மாத்திரையைத் துப்புகிறவனுக்கு அப்படிப் போகுமா? ஒரு குப்பியில் பிடித்து அனுப்பியிருப்பேன். விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள்.

குறிப்பேடும் பொய் இல்லை. வீட்டில் சாப்பிட்டாயிற்று, டிக் போட்டேன். மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போதே பெட்டி காலி. போதுமா?

வார்டுக் கதையை மட்டும் என்னிடம் பேசாதே. சியோசி அண்ணனையும் "மூணே மாசம்" என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனாய். நாற்பதாம் நாள் ஆணி அடித்த பெட்டியில் அனுப்பி வைத்தாய். ரீத்தேவுக்கு இது ஐந்தாம் மாதம். ஆகஸ்டில் குழந்தை பிறக்கும். அது பிறக்கும்போது நான் இந்த வீட்டில் இருப்பேன். உயிரோடு இருப்பேன். என் பெண்டாட்டி வலியில் கத்துவது என் காதில் விழ வேண்டும். உங்கள் கப்பலை அனுப்பினால் நான் தாழங்காட்டுக்குள் போய்விடுவேன். டாக்டரம்மாவை வந்து தேடச் சொல்.

பவுரோ


பெத்தியோ
30 ஏப்ரல் 2009

தம்பி,

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். கூட வேலை பார்க்கும் கபிரி பயந்துபோய்க் குழாய்களை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டான். அப்புறம் அந்தச் சிவப்பு மூத்திரம் மனதைக் குடைந்தது. பதிவேட்டைத் திரும்ப எடுத்தேன்.

உன் பெயருக்கு நேரே இன்னொரு எண் இருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை. சி.ஆர்.பி. என்பார்கள். உடம்பு கிருமியோடு சண்டை போடும்போது ஈரல் அதை இரத்தத்தில் கொட்டும். சண்டை தணிந்தால் குறைந்துவிடும். பிப்ரவரியில் உனக்குத் தொண்ணூற்றிரண்டு. ஏப்ரலில் பதினொன்று. கிருமி செத்துக்கொண்டிருக்கிறது. மாத்திரை உள்ளே போகாமல் அது நடக்காது. பதினான்கு வருஷம் இந்த வேலையில் இருக்கிறேன். நேற்றுச் சேர்ந்த பிள்ளைகூட மூன்று எண்ணையும் சேர்த்துப் படிக்கும். உன் மேல் இருந்த கோபத்தில் பாதியைத்தான் படித்தேன். அநியாயமாகப் பேசிவிட்டேன். மன்னித்துக்கொள்.

ஆனால் தப்பித்தாய் என்று நினைக்காதே. மாத்திரை வேலை செய்கிறது, உடம்பு தேறவில்லை என்றால் சாப்பாடு உனக்குள் போகவில்லை. பெட்டி காலியாகிறது. யார் வயிற்றில்?

பதிலை நீ சொல்லாமலே எனக்குத் தெரியும். சொல்கிறேன். இதை நாலு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணன் படுத்திருந்த வார்டு திறந்த கூடம். பார்வை நேரத்தில் சொந்தம் மொத்தமும் வந்துவிடும். பெத்தியோவில் நமக்குச் சொந்தத்துக்குப் பஞ்சமா? "சியோசி, புபுசி, அந்த மீன் துண்டு." "சியோசி, புபுசி, பிள்ளைக்கு அந்த முட்டை." புபுசி என்று வாய்விட்டுக் கேட்ட பிறகு இல்லை என்று சொல்கிற நாக்கு நம்மில் யாருக்கு இருக்கிறது? தட்டை அப்படியே நீட்டிவிடுவான். சிரித்துக்கொண்டே நீட்டுவான். நான் வாசலில் நின்று பார்த்தேன், பவுரோ. தினமும் பார்த்தேன். "அவன் சாகக் கிடக்குறான், அவன்கிட்டயா கேக்குறீங்க?" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், ஆய்வக வேலை கிடைத்ததும் அவளுக்குக் கை சுருங்கிவிட்டது என்று ஊர் பேசும். அந்தப் பேச்சுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். குழிமேட்டில் நீ அத்தனை பேர் முன்னால் என்னைத் திட்டினாயே, நான் ஏன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை என்று யோசித்ததுண்டா?

இன்னொரு தம்பியை அப்படி விட மாட்டேன். மே மாதப் பெட்டி வந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோகாதே. கிளினிக்கிலேயே வை. கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே சாப்பிட்டுவிட்டு வா. யார் கண்ணிலும் படாதே.

அக்கா


அபெமாமா
10 மே 2009

அக்கா,

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. ரீத்தே படித்துவிட்டு அழுதாள். நான் வெளியே போய் உட்கார்ந்து வலை தைத்தேன். கிழியாத இடத்தையெல்லாம் தைத்து வைத்திருக்கிறேன். அண்ணன் விஷயம் இப்போது எழுத வராது. வந்தால் எழுதுகிறேன்.

யார் வயிற்றில் என்று கேட்டாய். முதலில் மாமனார் பரனிகோ. பெட்டி இறங்கிய செய்தி எனக்கு வருமுன் அவருக்குப் போய்விடும். பெரிய குவளையோடு வந்து நிற்பார். "மாப்ள, மூஞ்சியெல்லாம் பளபளன்னு ஆயிருச்சே! நல்லா இருக்கே, நல்லா இருக்கே. ஒரு சின்ன புபுசி. கொஞ்சமாப் பால் பவுடர்." கொஞ்சம் என்றால் அவர் குவளை நிரம்புவது. பெண்ணைக் கொடுத்தவருக்கு எந்த மருமகன் இல்லை என்பான்? அவர் போனதும் பாடகர் குழுத் தலைவர் தாவிதா. அவருக்கு டின் மீன். அப்புறம் சித்தி மகன். அவன் பிள்ளைகளுக்கு வேர்க்கடலைப் பசை. மிச்சத்தை வீட்டில் எட்டுப் பேர் உட்கார்ந்து சாப்பிடுவோம். எல்லாரும் சாப்பிட்டால் நானும் சாப்பிட்ட மாதிரிதானே? அதனால்தான் டிக் போட்டேன். அதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. நீயும் நானும் அப்படித்தானே வளர்ந்தோம்.

ஆறு வருஷம் ஜெர்மன் கப்பலில் இருந்தேன். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் கடிகாரம், சட்டை, ரேடியோ எல்லாம் கரையிலேயே போய்விடும். பவுரோ கை நீட்டி வாங்காதவன், கேட்டால் கொடுப்பவன் என்று பேர். அந்தப் பேர் மட்டும்தான் இப்போது கொழுத்துப்போய் இருக்கிறது.

நீ சொன்னபடி கதவைச் சாத்திக்கொண்டும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன். நாலு நாள். முதல் நாளே ஜன்னல் இடுக்கில் பிள்ளைகள். "டேய், ஓடி வாங்கடா! பவுரோ தனியாத் திங்கிறான்! பேய் திங்கிற மாதிரி திங்கிறான்டா!" மீன் தொண்டையில் நின்றுவிட்டது. மறுநாள் தெரு முழுக்கப் பேச்சு. நர்ஸ் தபேராகூட, "எனக்குப் பார்க்க வெக்கமா இருக்குப்பா" என்று வெளியே போய் நின்றுகொண்டாள். நாலாம் நாள் தின்றது எல்லாம் வாந்தி. மாத்திரையும் சேர்ந்து வந்துவிட்டது. வேறு மாத்திரை கொடுத்து விழுங்க வைத்தாள். அன்றைக்கே பெட்டியை வீட்டுக்குத் தூக்கிவந்து நடுவில் வைத்துவிட்டேன். இரண்டு நாளில் தீர்ந்தது.

எனக்குச் சாவு பயம் இருக்கிறது, அக்கா. நன்றாகவே இருக்கிறது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தின்றவன் என்ற பேரோடு என் பிள்ளை முகத்தில் முழிக்க என்னால் முடியாது. வேறு வழி இருந்தால் சொல். இல்லாவிட்டால் கப்பலை அனுப்பு.

பவுரோ


பெத்தியோ
14 மே 2009

பவுரோ,

கப்பலை அனுப்பு என்று இன்னொரு தடவை எழுதினால் நானே நீந்தி வந்து உன் காதைத் திருகுவேன்.

"தனக்கு மிஞ்சித்தான் தானம்" என்று உனக்குப் புத்தி சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். இரண்டு வரி எழுதிவிட்டுக் கிழித்துப் போட்டேன். அது நல்ல புத்திதான். நம் ஊரில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஊரை மாற்ற நமக்கு நேரம் இல்லை. உன் அடுத்த இரத்தம் ஜூன் 13. முழுசாக ஒரு மாதம்கூட இல்லை.

நேற்று டாக்டர் லவேனியாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குறிப்பேட்டில் நீ போட்ட டிக் எதுவும் செல்லாது என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இப்படி எத்தனை பேர், தினாய்?"

"எல்லாரும்தான் டாக்டர்."

"எல்லாருமா? அஞ்சு தீவுலயுமா?"

"இல்லைன்னு சொல்லத் தெரிஞ்ச ஆளை நான் இதுவரைக்கும் பார்க்கல."

"ரெண்டு வருஷ ஆராய்ச்சி. இதை ஏன் முன்னாடியே சொல்லல நீ?"

நீங்கள் கேட்கவில்லையே என்பது வாய்வரை வந்தது. "வெக்கமா இருந்துச்சு" என்றேன். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். கடைசியில், ஜூலையிலிருந்து பெட்டி நோயாளிக்கு இல்லை, வீட்டுக்கு. எட்டுப் பேர் என்றால் எட்டுப் பேருக்கும் என்றார். ஆனால் உன் விஷயத்தில் ஜூன் ஜூன்தான். நாற்பத்து மூன்று கிலோவில் ஒரு ஆளை வெளித்தீவில் விட்டுவைக்க அவருக்குத் துணிச்சல் இல்லை. அது தப்பும் இல்லை.

இனி நான் சொல்வதைக் கேள். அவர்கள் புபுசி என்றால் நீ மறுக்க முடியாது. சரி. நீ புபுசி என்றால் அவர்களால் மறுக்க முடியுமா? மாமனார் வீட்டில் கோழி இல்லையா? தாவிதாவுக்குத் தென்னை இல்லையா? சித்தி மகன் பாறை ஓரத்தில் பேய்க்கணவாய் பிடிப்பதில் மன்னன் இல்லையா? டின் மீனும் பவுடரும் போனால் போய்த் தொலையட்டும். அந்தத் தீவில் இல்லாத சத்தையா நாங்கள் டின்னில் அடைத்து அனுப்புகிறோம்? போய்க் கேள். வீடு வீடாகக் கேள்.

உனக்கு இது எவ்வளவு கசக்கும் என்று தெரியும். பிறந்ததிலிருந்து நீ யாரிடமும் ஒரு கை உப்புக்கூடக் கேட்டதில்லை. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் நடக்காது, தம்பி. மீசையை எடு.

இரண்டு எச்சரிக்கை. காலையில் இறக்கிய இனிப்புப் பதநீர் மட்டும் குடி. புளித்த கள்ளைத் தொட்டால் மாத்திரையும் அதுவுமாகச் சேர்ந்து ஈரலைத் தின்றுவிடும். சூரை மீன் அன்றைக்குப் பிடித்ததாக இல்லாவிட்டால் வேண்டாம். இந்த மாத்திரை சாப்பிடுகிறவனுக்குப் பழைய சூரையால் முகம் சிவந்து தலை பிளக்கும். மற்றதெல்லாம் தின்னு.

அக்கா


அபெமாமா
7 ஜூன் 2009

அக்கா,

மீசையை எடுத்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் ஞாயிறு. தேவாலயம் முடிந்து மாமனார் வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் இரண்டு தடவை திரும்பிவிட்டேன். ரீத்தே பின்னாலிருந்து, "போறீங்களா, இல்ல நான் வயித்தத் தள்ளிக்கிட்டு வரட்டுமா?" என்று மிரட்டினாள். பரனிகோ பாயில் சாய்ந்துகொண்டு பல் குத்திக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு புபுசி."

சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். "நீயா? நீயா கேக்குற? கேளு, கேளு. என்ன வேணும்?"

"முட்டை. தெனம் ரெண்டு. ரத்தம் எடுக்குற நாள் வரைக்கும்."

சிரிப்பு நின்றது. அவர் கோழிகளைப் பிள்ளைகளைப் போல எண்ணி வைத்திருப்பவர். ஜூலைச் சுதந்திர தினப் போட்டியில் காட்டுவதற்கு வளர்க்கிறார். "தெனமுமா?"

"தெனமும்."

"ரெண்டுமா?"

"ரெண்டும், மாமா."

மாமியார் உள்ளேயிருந்து கத்தினாள்: "பால் பவுடரக் கொழகொழன்னு கரைச்சுக் குடிச்ச வாய்க்கு இப்ப என்ன வந்துச்சு? குடுங்க!" அவர் எழுந்து போய்க் கூடையைக் கொண்டுவந்தார். கையில் வாங்கும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நோயால் அல்ல. அவமானத்தால். முதல் முட்டையை அந்த அவமானத்தோடுதான் விழுங்கினேன்.

அப்புறம் தாவிதாவிடம் பதநீர், காலை ஒரு செம்பு, மாலை ஒரு செம்பு. சித்தி மகனிடம் பேய்க்கணவாயும் மட்டியும். பப்பாளி மரம் வைத்திருக்கும் நாலு வீட்டிலும் பப்பாளி. பாபாய்க் கிழங்குக் குழி வைத்திருக்கும் முதியவரிடம் கிழங்கு. அவர் அதைத் தன் பேத்தி கல்யாணத்துக்கு வைத்திருந்தார். தோண்டும்போது என்னைச் சபித்துக்கொண்டே தோண்டினார். தெருவில் எனக்குப் புதுப் பேர், 'புபுசி பவுரோ'. பிள்ளைகள் என்னைக் கண்டால், "ஓடுங்கடா, மூக்கையும் கேட்டுடப் போறான்!" என்று ஓடுகிறார்கள்.

இதில் நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. கொடுத்தவர் யாரும் கொடுத்துவிட்டுப் போவதில்லை. எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். மாமனார் தினமும் முட்டையோடு வந்து, "எம் புபுசிய என் கண்ணு முன்னால தின்னு. வேற எவனாவது கேட்டா அவன் கையை ஒடிச்சிடுவேன்" என்று காவல் இருக்கிறார். என் தட்டைப் பார்த்து யாருக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை, ஏனென்றால் தட்டில் இருப்பது அவர்கள் கொடுத்தது. சுற்றிலும் ஆறேழு பேர் இருப்பதால் எனக்கும் தொண்டையில் எதுவும் நிற்பதில்லை. மருந்து மாதிரி நினைத்துத் தின்கிறேன். வயிறு போதும் என்றாலும் விடுவதில்லை. கிளினிக்குக்கு இப்போது உட்காராமல் நடக்கிறேன்.

இனி அண்ணன் விஷயம். எழுத வருகிறது.

பிறந்ததிலிருந்து யாரிடமும் கேட்டதில்லை என்று எழுதியிருந்தாய். தப்பு. ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அந்த வருஷம் கப்பலிலிருந்து இறங்கியதும் நேராக வார்டுக்கு வந்தேன். நீ வேலையில் இருந்தாய். நல்ல பசி. அண்ணன் தட்டில் ஒரு கோழித் துண்டு இருந்தது. விளையாட்டாகத்தான், "அண்ணே, புபுசி" என்றேன். கொடுத்தான். "தின்னுடா, கப்பல்ல என்னத்தப் போடுறானுங்க உனக்கு" என்றான். எலும்பு மிச்சமில்லாமல் தின்றேன். எலும்பாகிப் போயிருந்த அவன் கையைப் பார்க்கவில்லை. ஆறாம் நாள் போய்விட்டான். எனக்கு அப்போதே எங்கோ உறுத்தியது, அக்கா. அந்த உறுத்தலைத் தாங்க முடியாமல்தான் குழிமேட்டில் உன்மேல் பாய்ந்தேன். அன்றைக்குப் பிறகு யாரிடமும் எதையும் கேட்க என் வாய் திறக்கவில்லை. இந்த மே மாதம் வரை.

13ஆம் தேதி தபேரா இரத்தம் எடுப்பாள். இருபத்தொன்பது வந்தால் இருபத்தொன்பது என்றே எழுது. உன் கையால் கூட்டிப் போட்ட ஒன்று எனக்கு வேண்டாம். குறைந்தால் கப்பலில் ஏறி வருகிறேன். வார்டில் உட்கார்ந்தும் பிழைத்துக் காட்டுவேன்.

பவுரோ


பெத்தியோ
18 ஜூன் 2009

தம்பி,

உன் குழாயை நான் தொடவில்லை. நீ எழுதியதைப் படித்த பிறகு எனக்கே என் கைமேல் நம்பிக்கை இல்லை. கபிரியிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அவன் கதவு வழியாகத் தலையை நீட்டினான்.

"முப்பத்தொண்ணு."

"திரும்ப மெஷின்ல ஓட்டு."

ஓட்டினான். "முப்பத்தொண்ணுதான்."

"இன்னொரு தடவை."

"அக்கா, இப்படியே ஓட்டினா ரத்தம் தீர்ந்துரும். முப்பத்தொண்ணு. வேணும்னா நீங்களே வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். முப்பத்தொன்று. சி.ஆர்.பி. நாலு. ஹீமோகுளோபின் ஒன்பதிலிருந்து பதினொன்றாகிவிட்டது. தபேரா எழுதி அனுப்பிய எடை நாற்பத்தேழரை. ஆய்வகத் தரையில் உட்கார்ந்து அழுதேன். கபிரி என்ன செய்வதென்று தெரியாமல் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

டாக்டர் வார்டுப் படுக்கையை ரத்து செய்துவிட்டார். ஆகஸ்டில் நீ வீட்டில் இருப்பாய். ஆனால் மாத்திரை இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, முப்பத்தொன்று முப்பத்தைந்து இல்லை. முட்டையை நிறுத்தினால் மாமனாருக்கு நானே கடிதம் போடுவேன்.

கோழித் துண்டைப் பற்றி. அதை நீ திங்காமல் இருந்திருந்தாலும் அண்ணன் போயிருப்பான். அவன் சி.ஆர்.பி. கடைசி வரை நூற்றுக்குக் கீழே இறங்கவே இல்லை. அவன் உடம்பில் இருந்த கிருமி அப்போது இருந்த மாத்திரைக்கு மசியவில்லை. நேற்று பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். நாலு வருஷமாக எடுக்கப் பயந்த பதிவேடு. சாப்பாடு கிடைத்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பான், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நாளும் பெரிசுதான். அதற்காக நான் அழுகிறேன், நீயும் அழு. ஆனால் அவனை நீ கொல்லவில்லை. நானும் கொல்லவில்லை. இதை எழுதி முடித்ததும் எனக்கே மூச்சு நேராக வருகிறது.

உன்னை ஏற்றிக்கொண்டு வர ஏற்பாடு செய்திருந்த கப்பல் புதன்கிழமை கிளம்புகிறது. வீட்டுக்கு வீடு கொடுக்க வேண்டிய ஜூலைப் பெட்டிகள் அதில் வருகின்றன. அந்தந்த வீட்டில் எத்தனை வாய் என்று எண்ணிக் கொடுக்க ஆள் வேண்டும் என்றார் டாக்டர். நான் போகிறேன் என்றேன். கூட இரண்டு வாரம் விடுப்பும் கேட்டு வாங்கியிருக்கிறேன். இந்தக் கடிதம் சனிக்கிழமை விமானத்தில் முந்திக்கொண்டு வரும். நான் வெள்ளிக்கிழமை காலை வருவேன்.

அண்ணன் குழிமேட்டுக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து போக வேண்டும். நீ கரையில் நின்றாலும் சரி, நிற்காவிட்டாலும் சரி, நான் இறங்குவேன்.

தினாய் அக்கா